வடிகட்டி கேட்டவர்களுக்கு ஒரு பித்தளை அண்டா

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தபோது நீங்கள் இருவரும் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நர்சுகள் வீடு தேடி வந்தால் நல்ல செய்தியாகவா இருக்கும்? யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஒரு நொடிக்குள் பத்துப் பேரை நினைத்துப் பதறிவிட்டேன். நீங்கள் கேட்டதோ, ஊசி அறையின் மீன் தொட்டிக்கு எந்த வடிகட்டி வாங்கலாம் என்று. நான் சிரித்த சிரிப்பில் தூளியில் கிடந்த சின்னவன் எழுந்து அழுதான். அவனைச் சமாதானப்படுத்தியதில் உங்களுக்குப் பதில் சொல்ல மறந்துபோனேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னது இவ்வளவு. தொட்டியைப் புதிய கட்டடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதிலிருந்து தண்ணீர் பச்சையாகக் கலங்குகிறது. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைக் கடை ஒன்றில் மின்சாரத்தில் ஓடும் வடிகட்டி ஒன்றும், மணலுக்கு அடியில் புதைத்து வைக்கும் வடிகட்டி ஒன்றும் இருக்கின்றன. இரண்டில் எது நல்லது?

எனக்கு எதற்கும் சட்டென்று பதில் வராது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது வேலையை விட்டு நின்றுவிட்டேன். 'ரிட்டயர் ஆன நர்சம்மா' என்று கம்பவுண்டர் கேலி செய்கிறார். இந்த வயதில் ரிட்டயர் ஆனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தூங்குகிற குழந்தையின் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். பிறகு என் விரலில்தான் உணர்ச்சி இல்லையோ என்று அடுத்த விரலை வைத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தொட்டி விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

நான் நாமக்கல்லில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஊசி அறை என்றால் ஒரு மேசை, ஒரு விளக்கு, கம்பவுண்டர் சின்னச்சாமியின் இரண்டு கைகள். குழந்தையின் கால்களை அவர் அமுக்கிப் பிடிப்பார், தாய் கைகளைப் பிடிப்பாள், நர்ஸ் குத்துவாள். அழுகைச் சத்தம் எதிரே இருக்கும் லாரிப் பட்டறை வரை கேட்கும். ஒரு முறை வந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த ஊசிக்கு வரமாட்டார்கள்.

வேலை கேட்டுப் போனபோது டாக்டரம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"குழந்தை திமிறினால் என்ன செய்வாய்?"

"திமிறாமல் பார்த்துக்கொள்வேன் அம்மா."

சொல்லி முடித்த கணத்திலேயே அதை விழுங்கிவிடலாமா என்று இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "எப்படி என்று காட்டு. மூன்று மாதம் பார்க்கிறேன். அப்புறம்தான் வேலை நிரந்தரம்."

எப்படி என்று எனக்கே தெரியாது. பொம்மை காட்டினேன், சாவிக்கொத்தை ஆட்டினேன், பாட்டுப் பாடினேன். என் பாட்டுக்குச் சில குழந்தைகள் ஊசிக்கு முன்பே அழுதன. அப்போதுதான் ஒரு லாரி முதலாளி, தன் மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆன சந்தோஷத்தில், ஆஸ்பத்திரிக்கு ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொடுத்தார். மெட்ராஸிலிருந்து அவருடைய லாரியிலேயே பால் கேனில் தண்ணீர் ஊற்றி நான்கு பொன்மீன்கள் வந்து இறங்கின. அதில் ஒன்று மற்ற மூன்றையும் சேர்த்தால் வருகிற பருமன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு, யாரையும் மதிக்காமல், தன் தோப்பைச் சுற்றிப் பார்ப்பதுபோல மெதுவாகத் திரும்பும். சின்னச்சாமி அதற்குப் 'பண்ணாடி' என்று பெயர் வைத்தார். எங்கள் பக்கம் தோட்டத்து முதலாளியை ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பண்ணாடி திரும்பும்போது குழந்தையின் தலையும் கூடவே திரும்பும். அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தொட்டிக்கு எதிரே முக்காலியைப் போட்டேன். தாயின் மடியில் குழந்தை. பண்ணாடி இடக்கோடிக்குப் போய்த் திரும்பும் நேரம் பார்த்துத் தொடையில் குத்திவிடுவேன். குழந்தை ஒரு முறை "ம்?" என்று கேட்கும். அதற்குள் பண்ணாடி மறுபடி திரும்பியிருக்கும். அவ்வளவுதான். சின்னச்சாமியின் கைகளுக்கு வேலை போயிற்று. அவர் அந்தக் கைகளைக் கட்டிக்கொண்டு, "பண்ணாடி இருக்கையில நாமெல்லாம் எதுக்குங்க?" என்பார்.

பேச்சு பரவியது. பரமத்தி வேலூரிலிருந்தும் மல்லசமுத்திரத்திலிருந்தும் பஸ் ஏறி வர ஆரம்பித்தார்கள். "அந்த ஆஸ்பத்திரியில மீனு புள்ளயோட வலிய வாங்கிக்குதாமா" என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்களாம். கேட்டு நான் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமைதான் தண்ணீரைக் கலக்கப்போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

சித்திரை வெயில் தொடங்கியதும் தண்ணீர் லேசாக வெளுத்தது, பிறகு பச்சையானது. முதலில் இளநீர்க் காயின் பச்சை. அப்புறம் வெற்றிலையின் பச்சை. ஒரு நாள் பண்ணாடியைத் தேடினால் அவர் கண்ணாடியில் வந்து மூக்கை ஒட்டினால்தான் தெரிந்தது. மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடின. அன்று ஒரு குழந்தை பச்சைக் கண்ணாடியைப் பார்த்தது, என் ஊசியைப் பார்த்தது, அழுத அழுகையில் பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. சின்னச்சாமி பழைய இடத்துக்கு வந்து மறுபடி கால்களைப் பிடித்தார்.

டாக்டரம்மா கூப்பிட்டார். "இன்னும் இரண்டு வாரத்தில், திங்கட்கிழமை லாரிக்காரர் பேத்திக்கு ஊசி. வீட்டோடு வருகிறார். இந்தச் சாக்கடையைக் காட்டி அவர் மனதைப் புண்படுத்த முடியாது. அதற்குள் தண்ணீர் தெளிந்தால் தொட்டி இருக்கும். இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டு ஓட்டல்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், கொடுத்துவிடுவேன்." சற்று நிறுத்தி, "உன் மூன்று மாதமும் அத்தோடு முடிகிறது, இல்லையா?" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து என் மூத்தவளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போது அவள் கைக்குழந்தை. அவளுக்கும் அடுத்த மாதம் ஊசி. சின்னச்சாமியின் கைகளுக்குக் கீழே அவள் கால்கள் உதைப்பதைக் கற்பனை செய்துகொண்டே சோற்றில் உப்புப் போட மறந்தேன். என் கணவர் சாப்பிட்டுவிட்டு, "மீனுக்கு உப்பு ஆகாது என்றால் நமக்கும் ஆகாதா?" என்றார்.

உங்களுக்கு இரண்டு வடிகட்டிகள்தான். எனக்கு ஊரே வடிகட்டியைச் சொன்னது. சின்னச்சாமி படிகாரத்தைக் கலக்கச் சொன்னார். மீன் தாங்குமா என்று நான் கேட்டதும், "தாங்காட்டியும் தண்ணி தெளிஞ்சிருமுங்க" என்றார். எனக்கு அந்தத் தெளிவு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். என் மாமியார் தேத்தாங்கொட்டையை வாளியின் உட்புறம் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். சேறு என்றால் அது அடியில் படிய வைத்துவிடும். இந்தப் பச்சை படியவில்லை. ஒரு வாளியில் தேய்த்து இரவெல்லாம் வைத்துப் பார்த்தேன். காலையில் வாளியும் பச்சை, என் விரலும் சிவப்பு.

பிறகு மல் துணி. நான்காக மடித்து, மீன்களை அண்டாவில் விட்டுவிட்டு, தொட்டித் தண்ணீர் முழுவதையும் அதன் வழியாக ஊற்றினேன். துணி பச்சையானது, கீழே விழுந்த தண்ணீரும் பச்சையாகவே இருந்தது. ஆனால் அடியில் இருந்த கூழாங்கல்லைக் கழுவியபோது, ஊறிப்போன பொரியும் ஏழெட்டு மிளகும் கிடைத்தன.

"கம்பவுண்டரே, சோறு தின்கிறபோது கொட்டினீர்களா?"

"மொளகு தின்னா எனக்கு இருமலுங்க நர்சம்மா. எம்பொண்டாட்டி ரசத்துலகோட போடமாட்டா."

குழந்தைகள் விளையாட்டாகப் போட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பதற்றத்தில் இருக்கும்போது, நாம் தேடுவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். நான் தேடியது வடிகட்டி. மிளகு உள்ளங்கையில் இருந்தும் நான் அதைப் பார்க்கவில்லை.

அடுத்தது மூன்று பானை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் போட்டிருக்குமே, மேலே கரி, நடுவில் மணல், கீழே தெளிந்த தண்ணீர். மரச்சட்டத்தில் பானைகளை அடுக்கிச் சொட்டச் சொட்ட வடித்தேன். தண்ணீர் உண்மையிலேயே தெளிந்தது! தொட்டியில் பண்ணாடி மறுபடி உருவத்தோடு தெரிந்தார். நானும் சின்னச்சாமியும் சிறு பிள்ளைகள்போலக் கை தட்டினோம். மூன்றாம் நாள் வெளுப்பு. அதற்கு மறுநாள் பச்சை.

அப்போதுதான் எதிர்ப் பட்டறை ராசு வந்தார். லாரிக்கு பாடி கட்டுகிறவர். அவரால் முடியாதது எதுவும் உலகத்தில் இல்லை என்று அவரே சொல்வார்.

"ஏனுங்க நர்சம்மா, மனுசனுக்கு மூச்சு வேணுமில்ல? தண்ணிக்கும் அப்புடித்தானுங்க. காத்து உட்டா தன்னால வடிகட்டிக்கும். நான் பண்ணித் தாரேன், பாருங்க."

ஒரு பெரிய கண்ணாடிச் சீசாவில் ஓட்டை போட்டுக் கரியும் பஞ்சும் அடைத்துத் தொட்டிக்குள் இறக்கினார். அதற்குள் ஒரு மெல்லிய ரப்பர் குழாய். குழாயின் மறுமுனை, காற்றடித்து உப்பவைத்த ஒரு லாரி டியூப்பில். இடையில் ஒரு இடுக்கி. இடுக்கியைக் கொஞ்சம் தளர்த்தினால் காற்று குமிழ் குமிழாகப் போய்ச் சீசாவின் வழியே தண்ணீரை இழுத்துக்கொண்டு மேலே வரும். நான் ராசுவைச் சந்தேகப்பட்டதற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அவ்வளவு அழகு! குமிழ்கள் முத்துச் சரம்போல ஏறின. குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சிரித்தன. பண்ணாடி குமிழுக்குள் புகுந்து புறப்பட்டு, வயதுக்குப் பொருந்தாத கூத்தெல்லாம் அடித்தார்.

பரமத்தி வேலூரிலிருந்து பாவாயி என்று ஒரு பெண் வருவாள். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை. அவளுடைய மகனுக்கு அடிக்கடி காய்ச்சல். அன்று பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். பெஞ்சிலும் இடமில்லை. மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். மூலையில் உப்பலாக, உருண்டையாக, கருப்பாக ஒன்று கிடந்தது.

"அட, மெத்தை போட்டு வெச்சிருக்கறாங்க!"

நான் "ஐயோ, பாவாயி" என்பதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

இடுக்கி எங்கே பறந்தது என்று இன்றுவரை தெரியாது. தொட்டிக்குள் ஒரு உறுமல். சீசா துள்ளியது. கரியும் பஞ்சும் பச்சைத் தண்ணீரும் கலந்து ஒரு கருப்புத் தூணாக எழுந்து, உத்தரம் வரை போய், திரும்பி வந்து சின்னச்சாமியின் மேல் இறங்கியது. அவர் வெள்ளைச் சட்டையோடு நின்றவர், கரிமூட்டைபோல ஆனார். அவருடைய கண்கள் மட்டும் வெள்ளையாக விழித்தன. பண்ணாடி காற்றில் ஒரு வளைவு போட்டு, பாவாயியின் மடியில் வந்து விழுந்தார்.

பாவாயி முந்தானையோடு அவரை வாரி, "என்ற சாமி, என்ற மடிக்கே வந்துட்டயா!" என்று அலறினாள். நான் அவளை அப்படியே இழுத்துப்போய் அவள் மடியைத் தொட்டிக்குள் கவிழ்த்தேன். பண்ணாடி ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பி இடக்கோடிக்குப் போனார். காய்ச்சல்காரப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ராசு வாசலில் நின்று, "டியூப்பு நல்ல டியூப்புதானுங்க, உக்காந்தவிங்கதான் கொஞ்சம் கனம்" என்றார். பாவாயி அவரைத் துரத்திக்கொண்டு பட்டறை வரை போனாள்.

மீன் ஒருத்தியின் மடிக்கு வந்த சேதி அன்று மாலை பஸ்ஸிலேயே வேலூர் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் வழக்கத்தைவிட இரண்டு பங்கு கூட்டம். நான் தண்ணீரை முழுவதும் மாற்றியிருந்தேன். மத்தியானத்துக்குள் மறுபடி வெளுப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றபோது, பாவாயி தொட்டியருகே வருவது தெரிந்தது. இப்படியும் அப்படியும் பார்த்தாள். இடுப்பு முடிச்சை அவிழ்த்து, ஒரு எலுமிச்சம்பழம் அளவு வெல்லத்தை மெதுவாகத் தண்ணீரில் விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வெல்லம் கரைவதுபோல நோய் கரையட்டும் என்று போடுவார்கள். மீனுக்குப் பொரி போடுவார்கள். எங்கள் மாதா கோயில் திருவிழாவில் உப்பும் மிளகும் வைப்பார்களே, அதுவும் இதே ஆசைதான். ஆனால் என் ஊசி அறை ஒரு குளமாகிவிட்டது என்பது எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது.

"பாவாயி, என்னம்மா இது?"

திடுக்கிட்டாள். "தப்பாங்க? கோவிச்சுக்காதீங்க சாமி. பையனுக்கு நேத்துல இருந்து காச்ச இல்லீங்க. அதுக்குத்தானுங்க ஒரு துளி."

"நீ மட்டும்தான் போடுகிறாயா?"

பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தாள். பெஞ்சு முழுவதும் தரையைப் பார்த்தது. ஒவ்வொருத்தியின் முந்தானை முடிச்சும் கொஞ்சம் புடைத்திருந்தது. ஒவ்வொருத்திக்கும் தான் போடுவது ஒரு துளி. தொட்டிக்கு அது ஒரு மூட்டை. இனிப்புத் தண்ணீருக்கு மேல் ஜன்னல் வெயில். பச்சை வராமல் என்ன செய்யும்? என்னிடம் இருந்த எந்த வடிகட்டியும் தோற்கவில்லை. நான் வடித்ததைவிட வேகமாக அவர்கள் கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "இந்தக் காலத்திலுமா?" என்று கோபமாகக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். "போர்டு எழுதி வை. கம்பவுண்டரைக் காவல் போடு."

போர்டு வைத்தோம். 'மீன் தொட்டியில் எதையும் போடக் கூடாது.' படிக்கத் தெரியாதவர்கள் அது என்ன என்று கேட்டார்கள். படிக்கத் தெரிந்தவர்கள், "அத்தன சக்தியாமா, அதான் எல்லாத்தையும் போடவேண்டாங்கறாங்க" என்று விளக்கினார்கள். முன்பு கிள்ளிப் போட்டவர்கள், இப்போது ஒளித்துப் போட வேண்டியிருந்ததால் அவசரத்தில் உருண்டையாகவே போட்டார்கள். சின்னச்சாமியைக் காவல் வைத்தேன். மாலையில் அவருடைய சட்டைப் பை ஈரமாக இருந்தது. "என்ன இது?" என்றேன்.

"எல்லாரும் என்ற கைல குடுத்துப் போடச் சொல்றாங்க நர்சம்மா. பாவமுங்க. நான் ஒருத்தருது ரெண்டு பேருது போட்டன்."

அவரை நான் திட்டவில்லை. திட்ட எனக்கு என்ன தகுதி? சில மாதங்களுக்கு முன்பு மகளுக்கு மாந்தம் வந்தபோது, மெழுகுவர்த்தியோடு நான் நிற்காத பீடம் இல்லை. அந்தப் பெஞ்சில் இருந்தவர்களும் நானும் ஒரே ஆட்கள்தான். அவர்கள் கையில் வெல்லம், என் கையில் ஊசி. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஞாயிறு மாலை தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்தி நிழல் பக்கச் சுவரோரம் வைத்தேன். வடித்த தண்ணீரை ஊற்றினேன். மாற்றுத் தண்ணீர் வைத்திருந்த பெரிய பித்தளை அண்டாவில் பாதி மிச்சமிருந்தது. தூக்க முடியாமல் அதைத் தொட்டிக்குக் கீழேயே விட்டுவிட்டுப் போனேன். திங்கள் காலை வந்து பார்த்தால், கண்ணாடி இருப்பதே தெரியாத தெளிவு. பண்ணாடி காற்றில் மிதப்பதுபோல இருந்தார். இந்தத் தெளிவு ஒரு காலை நேரம் தாங்கினால் போதும் என்று எல்லாப் புனிதர்களையும் வேண்டிக்கொண்டேன்.

லாரி முதலாளி வந்தார். வெள்ளை வேட்டி, பின்னால் மகள், மகள் கையில் குழந்தை, அதற்குப் பின்னால் சொந்தக்காரர்கள் ஒரு லாரி அளவு. டாக்டரம்மா சிரித்த முகமாக முன்னால் வந்தார். பெஞ்சு முழுவதும் தாய்மார்கள். முதலாளி தொட்டியைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "மடிக்கு வந்த மீனு இதானுங்களா?" என்று கேட்டபடி மகளிடம் கை நீட்டினார். அவள் மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது, ஒரு முழு வெல்லக் கட்டி. செங்கல் அளவு இருக்கும்.

அவர் கையைத் தொட்டிக்கு மேலே கொண்டுபோனார்.

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். தொட்டியைக் கொடுத்தவரே முதலாளிதான். அவரிடம் யார் கூடாது என்று சொல்வது? டாக்டரம்மா கூரையைப் பார்த்தார். பெஞ்சு முழுவதும் முதலாளியின் கையைப் பார்த்தது. அவர் போட்டால் அடுத்து எல்லா முடிச்சுகளும் அவிழும். என் மூன்று மாதமும், குழந்தைகளின் "ம்?" என்ற அந்த ஒற்றைக் கேள்வியும் அந்தச் செங்கலுக்குக் கீழே இருந்தன. கூடாது என்று சொன்னால் அவர் மனம் நோகும். பேசாமல் இருந்தால் தண்ணீர் போய்விடும். எதைச் செய்தாலும் தப்பு என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும். அன்று அது நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. தலை குனிந்தேன். அண்டா கண்ணில் பட்டது.

"ஐயா, அதிலே இல்லீங்க. கீழே அண்டாவிலே விடுங்க."

கை அந்தரத்தில் நின்றது. "ஏனுங்க அம்மணி? மீனு மேலதான இருக்குது?"

"மீன் மேலே இருந்து பார்த்துக்கொண்டே இருக்கும் ஐயா. அதற்கு இமை கிடையாது. கண்ணை மூடவே மூடாது. ராத்திரியும் பகலும் அண்டாவையே பார்த்துக்கொண்டிருக்கும்."

மீனுக்கு இமை இல்லை என்பது உண்மைதான். அதற்கு மேல் நான் சொன்னது எந்தக் கணக்கில் சேரும் என்று இன்றும் எனக்குச் சந்தேகம். முதலாளிக்கும் சந்தேகம். கட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "பாக்குமுங்களா?" என்று இழுத்தார்.

பெஞ்சிலிருந்து பாவாயி எழுந்தாள்.

"நல்லாப் பாக்குமுங்க! இத்தன நாளும் நாம உள்ளாரயே போட்டு அதும்பட கண்ண மறைச்சுப்போட்டமுங்க. அந்தக் கலங்கல்ல அது யாரப் பாத்திருக்கும்? யாரு வேண்டுதலுன்னு அதுக்கு எப்புடித் தெரியும்? இன்னைக்குப் பாருங்க, எம்புட்டுத் தெளிவு! மொதல்ல அதுக்குக் கண்ணு தெரியோணுமுங்க."

பெஞ்சில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. "ஆமாங்க." "அதானே!" "நாம கண்ணுலயே மண்ணப் போட்டுட்டோமே." இத்தனை நாளும் நான் தேடிய வடிகட்டியைப் பாவாயி ஒரே மூச்சில் நிறுவிவிட்டாள். முதலாளி குனிந்து, வெல்லக் கட்டியை அண்டாவில் பக்குவமாக இறக்கினார். அந்த நேரம் பார்த்துப் பண்ணாடி கண்ணாடியோரம் வந்து கீழே பார்த்தாரே! நான் சத்தியமாக எதுவும் செய்யவில்லை.

"பாத்துட்டாரு!" என்று ஒரு குரல். பெஞ்சே எழுந்து அண்டாவுக்கு வரிசை கட்டியது.

அந்தச் சந்தடியில் முதலாளியின் மகளை முக்காலியில் உட்காரவைத்தேன். பேத்தியின் கண் பண்ணாடியைப் பிடித்தது. அவர் இடக்கோடிக்குப் போனார். திரும்பினார். குழந்தை "ம்?" என்றது.

"ஊசி எப்பங்க போடுவீங்க?" என்று முதலாளி கேட்டார். நான் பஞ்சை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

தொட்டி அங்கேயே இருந்தது. நானும் இருந்தேன். அடுத்த மாதம் என் மகளும் அதே முக்காலியில் அதே "ம்?" சொன்னாள். அதற்குப் பிறகு தொட்டிக்குள் யாராவது கை நீட்டினால், நான் எழுவதற்கு முன்பே பெஞ்சு எழுந்துவிடும். "ஏ புள்ள, அதும்பட கண்ண மறைக்காத!" அண்டாவில் சேரும் வெல்லத் தண்ணீரை மாலையில் சின்னச்சாமி தன் மாட்டுக்குக் கொண்டுபோவார். அந்த மாடு பண்ணாடியைவிடப் பருத்துப்போனது.

ஆகவே, தங்கைகளே, செவ்வாய்ப்பேட்டைக் கடையில் எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். மணலுக்கு அடியில் வைப்பது நல்லது என்று நினைக்கிறேன். அல்லது மின்சாரத்தில் ஓடுவது. இரண்டுமே நல்லதாகத்தான் இருக்கும். ஆனால் கட்டடம் மாறியபோது தொட்டியைத் தூக்கியவர்கள் அண்டாவைத் தூக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அது சின்னச்சாமியின் மாட்டுக் கொட்டகையில் இருக்கிறது. முதலில் போய் அதை வாங்கி வாருங்கள். தொட்டிக்கு நேர் கீழே வையுங்கள். ஒருவர் தண்ணீரைக் கலக்குகிறார் என்றால், அவரைத் துரத்துவதற்கு முன்னால் அவர் கையில் இருப்பதை எங்கே வைப்பது என்று ஒரு இடம் காட்டுங்கள். வார்டிலும் இது உதவும், வீட்டிலும் உதவும்.

கல்லில் கிடைத்த மிளகை நான் மறக்கவில்லை. வெல்லம் யாருடையது என்று தெரிந்தது. பொரி யாருடையது என்று தெரிந்தது. மிளகை மட்டும் யாரும் ஒப்புக்கொள்ளவே இல்லை.

வேலையை விட்ட அன்று, எல்லோரும் போன பிறகு, நானும் முந்தானையில் ஒரு கட்டி வெல்லத்தை முடிந்துகொண்டு ஊசி அறைக்குப் போனேன். வயிற்றில் இருந்தவனுக்காக. போடலாமா, நான் போடலாமா, நர்ஸ் போடலாமா, கத்தோலிக்கப் பெண் போடலாமா என்று வழக்கம்போல அண்டாவின் முன் நின்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பண்ணாடி இமைக்காமல் பார்த்தார். பின்னால் ஒரு கனைப்பு. திரும்பினேன். டாக்டரம்மா. கை மூடியிருந்தது. விரல்களுக்கு நடுவே உப்பு லேசாகச் சிந்தியது, அதோடு ஒரு மிளகு உருண்டு தரையில் ஓடியது.

"மெட்ராஸில் பையனுக்கு நாளைக்குப் பரீட்சை" என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி. "சீக்கிரம் போட்டுவிட்டு நகரு ரெஜினா, எனக்கும் நேரமாகிறது."